துறவி நண்டுக்கு மருந்து படாத கீரை

பூச்சியைக் கொல்லும் மருந்து நண்டையும் கொல்லும். காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டை வளர்ப்பவர்கள் காய்கறியைக் கையில் எடுக்கும்போது முதலில் நினைக்க வேண்டியது இதுதான். சந்தையில் வாங்கிய சாவிக் கீரையை (கடுகுக்கீரை வகை) நாம் அலசி, வதக்கிச் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. உள்ளங்கையில் அடங்கும் நண்டின் கதை வேறு. நண்டும் பூச்சியும் கணுக்காலிகள், உறவுக்காரர்கள். இரண்டுக்கும் மேலோடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. இரண்டும் மேலோட்டை உரித்துத்தான் வளர முடியும். நரம்பு வேலை செய்யும் விதத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. செடிக்கு அடிக்கிற பைரித்ராய்டு மருந்து புழுவின் நரம்பைத் தாக்குவது போலவே நண்டின் நரம்பையும் தாக்கும்.

எங்கள் வீடு மலேசியாவின் பந்திங்கில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது. நண்டுகள் அக்கா மகளுடையவை. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கி வந்தாள். படிப்புக்காக வெளியூர் போனதும் தொட்டி என் பொறுப்புக்கு வந்துவிட்டது. போகும்போது, “மாமா, கடையில விக்கிற உருண்டைத் தீனிய மட்டும் போட்டுட்டு விட்டுடாதீங்க. பச்சைக் காய்கறி கொடுங்க. ஆனா பார்த்துக் கொடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். ‘பார்த்துக் கொடுங்க’ என்றால் எதைப் பார்ப்பது? அதற்காக நான் செய்ததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். மலாய்க்காரர்கள் உமாங்-உமாங் என்று சொல்லும் இந்த உயிர்களைப் பல வீடுகளில் பிள்ளைகள் ஆசையாக வாங்கி வருகிறார்கள். கடையில் விற்பவை ஏறக்குறைய எல்லாமே கடற்கரையில் பிடித்தவை. பண்ணையில் பிறந்தவை அல்ல. நல்லபடி வைத்தால் பல ஆண்டுகள் வாழக்கூடியவை. அதனால் சாப்பாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கடற்கரையில் இவை எதைத் தின்கின்றன என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். உதிர்ந்த இலை, அழுகிய பழம், மட்கிய மரத்துண்டு, அலை ஒதுக்கிய பாசி, செத்த மீன். எதையும் ஒதுக்குவதில்லை, ஆனால் ஒன்றையே தின்றுகொண்டிருப்பதும் இல்லை. கோயனோபிட்டா கம்ப்ரெஸ்ஸஸ் என்ற இனத்தை வைத்து 1990-களில் செய்த ஆய்வில், சற்று முன் தின்ற உணவை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடிப் போகும் பழக்கம் இவற்றுக்கு உண்டு என்று கண்டார்கள். எங்கள் தொட்டியிலும் அப்படித்தான். நேற்று பூசணியைச் சுரண்டித் தின்ற நண்டு இன்று அதே பூசணியை மிதித்துக்கொண்டு முருங்கை இலைக்குப் போகிறது. அதனால் ஒரு காயைப் பெரிதாக வெட்டிப் போடுவதைவிட, மூன்று நான்கு வகையை நகக்கண் அளவு வைப்பதுதான் சரி.

காய்கறி எதற்குத் தேவை என்றால், முதலில் நிறத்துக்கு. நண்டால் கரோட்டினாய்டு நிறமிகளைத் தானே உண்டாக்க முடியாது. சாப்பாட்டில் வர வேண்டும். கேரட்டிலும் பூசணியிலும் உள்ள பீட்டா கரோட்டினை வாங்கி, பல நண்டினங்கள் அதை அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமியாக மாற்றிக்கொள்கின்றன. சோளத்தின் மஞ்சளும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அடுத்தது சுண்ணாம்புச் சத்து. மேலோட்டை உரித்துவிட்டுப் புதிதாக இறுக்க வேண்டிய உயிருக்கு அது எவ்வளவு கிடைத்தாலும் நல்லது. இந்த இடத்தில்தான் கீரையில் கவனம் வேண்டும். பசலையிலும் தண்டுக்கீரையிலும் ஆக்சலேட் நிறைய இருக்கிறது. அது சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. அவற்றை எப்போதாவது ஒரு துணுக்குக் கொடுத்தால் போதும். தினப்படிக்கு முருங்கை இலைதான் என் தேர்வு. சுண்ணாம்பும் உண்டு, கரோட்டினும் உண்டு, நம் ஊரில் வேலியோரத்தில் கிடைக்கவும் கிடைக்கிறது.

கிடைக்கிறது என்று சொன்னேன். எங்கே கிடைக்கிறது என்பதுதான் இந்தப் பதிவின் மொத்த வேலையும்.

முதலில் சந்தைக்குத்தான் போனேன். வழக்கமாகக் காய் வாங்கும் கடைக்காரர் அண்ணனிடம், பூச்சி மருந்து அடிக்காத சாவி கிடைக்குமா என்று கேட்டேன். அவர் ஒரு கட்டை எடுத்து விரித்துக் காட்டினார். ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை. “பூச்சி கடிச்ச கீரைய கொண்டாந்து வச்சா நீங்க வாங்குவீங்களா தம்பி?” என்றார். அவர் கேட்டது நியாயம். கடைக்கு வரும் கீரை பளபளவென்று இருக்க வேண்டும் என்று கேட்பது நாம்தான். அப்படி வர என்ன செய்ய வேண்டுமோ அதைப் பயிரிடுகிறவர் செய்கிறார்.

அதற்காகச் சந்தைக் காய் எல்லாமே ஆகாது என்று நான் தள்ளிவிடவில்லை. தோலை அகற்றிவிட்டு உள்ளிருப்பதைக் கொடுக்கக்கூடிய காய்கள் இருக்கின்றன. பூசணிக்குத் தடித்த தோல் உண்டு; கழுவி, தோலை ஆழமாகச் சீவி, உள்சதையைக் கொடுக்கலாம். கேரட்டும் சர்க்கரைவள்ளியும் அப்படியே. சோளக்கதிர் மட்டைக்குள் இருக்கிறது; வெளிமட்டைகளை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் மணிகளில் இரண்டைக் கீறிக் கொடுத்தால் போதும். தோலோடு தின்ன வேண்டியவற்றையும், மடிப்பும் பிளவுமாக இருப்பவற்றையும் நான் கடையிலிருந்து வாங்குவதில்லை: சாவி, முட்டைக்கோஸின் வெளியிலைகள், புரோக்கோலிப் பூ, பயத்தங்காய், குடைமிளகாய். வள்ளைக்கீரை என்னும் கங்கோங்கையும் விட்டுவிட்டேன். அது நிற்கிற தண்ணீர் எதுவோ, அதிலுள்ளதை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் செடி. வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்ததா, சுத்தமான வரப்பில் வளர்ந்ததா என்று கட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கழுவினால் போகாதா என்று எல்லாரும் கேட்பார்கள். ஓரளவு போகும். 2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிள்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு சதவீத ஆப்பச்சோடாக் கரைசலில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்ததில், தோலின் மேல் இருந்த இரண்டு மருந்துகளும் வெறும் தண்ணீரில் கழுவியதைவிட நன்றாகவே போயின. தோலுக்குள் இறங்கிவிட்டது மட்டும் போகவில்லை. ஒரு சதவீதம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம். தேக்கரண்டியில் சுமார் இரண்டு. நான் காயைத் தோல் சீவுவதற்கு முன்பே இப்படி ஊறவைத்துவிடுகிறேன், இல்லையென்றால் மேலே இருப்பதைக் கத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். பிறகு ஓடும் தண்ணீரில் அலசல், தோல் சீவல், கடைசியாகக் குளோரின் நீக்கிய தண்ணீரில் ஒரு முக்கு. உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் கீரையைப் போட்டு வைப்பது நம் வீட்டு வழக்கம்; புழு வெளியே வரும், நமக்கு நல்லது. நண்டுக்கு வைக்கும் இலையில் சமையல் உப்பு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் எந்தக் கழுவலுக்கும் அடங்காத ஒரு வகை இருக்கிறது. இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்தை வேர் உறிஞ்சிக்கொண்டு, தண்டு, இலை, பூ என்று செடி முழுக்க அனுப்பிவிடும். அந்தச் செடியின் இலை உள்ளும் புறமும் மருந்துதான். நர்சரியிலிருந்து அழகாகப் பூத்த செம்பருத்தியை வாங்கி வந்து, பூவைப் பறித்து நண்டுக்குப் போடுவது இதனால்தான் ஆபத்து. செம்பருத்திப் பூவும் இலையும் நண்டுக்கு மிகவும் பிடித்தவை. அதை வீட்டிலேயே கொம்பு நட்டு வளர்த்தால் கவலையில்லை.

தோட்டத்து ஓரத்தில் பறிக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. எங்கள் தாமானுக்கும் செம்பனை வரிசைக்கும் நடுவே ஒரு மண்சாலைதான். வல்லாரையும் கோவைக்கொடியும் அங்கே தாராளமாகப் படர்ந்திருக்கும். ஆனால் வரிசைக்கு நடுவே களைக்கொல்லி அடிப்பது வாடிக்கை. பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. மற்றக் களைக்கொல்லிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. காற்று எந்தப் பக்கம் வீசியது, எந்த நாளில் அடித்தார்கள் என்று நமக்கு யார் சொல்வார்கள்? சாலையோர இலை வேண்டாம் என்று முடிவு செய்தேன். மரவள்ளியும் அந்த ஓரத்தில்தான் நிற்கிறது; அதன் பச்சை இலையையும் கிழங்கையும் மருந்து படாமல் வளர்த்தாலும் கொடுக்கக் கூடாது. அதில் சயனைடை விடுவிக்கும் பொருள் இருக்கிறது. நாமே வேகவைத்துத்தான் தின்கிறோம். சேம்பு இலை, தக்காளி இலை, உருளைக்கிழங்கின் பச்சை முளை, வெங்காயம், பூண்டு ஆகியவையும் எங்கள் தொட்டிப் பக்கம் போவதில்லை.

நம்பிக்கையான முருங்கை பின்வீட்டுப் பெரியம்மாவிடம் கிடைத்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்த காலத்திலிருந்தே முருங்கை இல்லாத வீட்டில் குடியிருந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். மரத்துக்கு ஏதாவது மருந்து அடிப்பதுண்டா என்று கேட்டேன்.

“மருந்தா? கம்பளிப்பூச்சி வந்தா கம்புல துணியச் சுத்திக் கொளுத்திக் காட்டுவேன்யா. வேற என்ன செய்யறது? நாங்க திங்கற கீரையாச்சே.”

எனக்குத் தேவையான பதில் அதுதான். ஒரு கொம்பும் கொடுத்தார்.

அந்தக் கொம்பில் தொடங்கியதுதான் வாளித் தோட்டம். பெயிண்ட் வாளி வேண்டாம். சமையல் பொருள் வந்த பழைய பிளாஸ்டிக் வாளிகளை அடியில் துளையிட்டு எடுத்துக்கொண்டேன். பை மண் வாங்கும்போது குருணை மருந்து கலந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். நான் தேங்காய் நார்த்தூளையும் வீட்டுக் காய்த்தோல் மட்கிய உரத்தையும் கலந்துகொண்டேன். முருங்கைக் கொம்பு ஒரு வாளியில். முளைவிட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை இரண்டாக வெட்டி இன்னொன்றில். பூசணி விதை கடையில் வாங்கிய காயிலிருந்தே எடுத்தது. காய்க்கும் என்று எதிர்பார்க்கவில்லை, கொழுந்தும் பூவும் போதும். செம்பருத்திக் கொம்பு, வல்லாரை வேர். நர்சரிச் செடி எதுவும் இல்லை. பந்திங் மழைக்கும் வெயிலுக்கும் சர்க்கரைவள்ளி விரட்டிக்கொண்டு வளர்ந்தது. அதன் இலை மெல்லியது, கிழிக்க எளிது, நண்டுகள் நரம்பை மட்டும் மிச்சம் வைத்துத் தின்னும்.

வாளிச் செடிக்கும் பூச்சி வரத்தான் செய்தது. பூசணிக் கொழுந்தின் அடியில் அசுவினி கூட்டமாக உட்கார்ந்திருந்தது. அம்மா உடனே, “வேப்பெண்ணெய் தெளிப்பா, இயற்கைதானே” என்றார். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் நின்று யோசிக்க வேண்டும். வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சியின் தோலுரிப்பு ஹார்மோனைக் குலைப்பதால்தான் பூச்சி மருந்தாகவே பயன்படுகிறது. நண்டும் அதே வகை ஹார்மோனை நம்பித்தான் மேலோட்டை உரிக்கிறது. மண்ணுக்கடியில் வாரக்கணக்காக, சில சமயம் மாதக்கணக்காகப் புதைந்து கிடந்து உரிக்கிற உயிருக்கு அந்த நேரத்தில் ஒரு தடங்கல் வந்தால் தப்பிப்பது கஷ்டம். வேப்பெண்ணெய், வேப்பங்கொட்டைக் கரைசல், போர்டோ கலவை போன்ற செம்பு மருந்துகள் எதுவும் அந்த வாளிகளுக்குக் கிடையாது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் அசுவினி உதிர்ந்துவிடும். மீதியை விரலால் தேய்த்துவிடலாம். ஓட்டை விழுந்த இலையை நண்டு ஒன்றும் குறை சொல்லாது.

இனி வைக்கும் முறை. இவை இரவில் நடமாடுகிறவை. பொழுது சாய்ந்து, தொட்டிக்குள் சரசரப்புக் கேட்கத் தொடங்கும் நேரத்தில் தட்டை வைப்பேன். உலோகத் தட்டு கூடாது. பீங்கான் சாஸ் கிண்ணம் அல்லது சிப்பி. பூசணியைத் தோல் சீவும் கத்தியாலேயே மெல்லிய சீவலாக இழுத்து வைக்கிறேன்; கெட்டியாக இருந்தால் உப்பில்லாமல் ஆவியில் ஒரு நிமிடம். முருங்கை, சர்க்கரைவள்ளி இலையைப் பச்சையாகவே. ஒரு துணுக்குத் தேங்காய். பூசணியும் தேங்காயும் சேர்ந்தால் வேறெதுவும் அன்று எடுபடாது.

சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் சிறிய உணர்கொம்பு இரண்டும் காற்றைத் தட்டித் தட்டிப் பார்க்கும். இந்த உயிருக்குக் காற்றில் வரும் மணமே வழி. தட்டை அடைந்ததும் இடப்பக்கத்துப் பெரிய கொடுக்கு சும்மா தரையில் ஊன்றியிருக்கும். அது சங்கின் வாயை அடைக்கும் கதவு. வேலை எல்லாம் வலப்பக்கத்துச் சின்னக் கொடுக்குக்கு. அது பூசணிச் சீவலில் ஒரு கிள்ளு கிள்ளி, கடுகளவு எடுத்து, வாய்க்குக் கொண்டுபோகும். உடனே அடுத்த கிள்ளு. அவசரமே கிடையாது. விளக்கை மங்கலாக வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தால் கடைசிவரை பார்க்கலாம். எங்கள் கூட்டத்தில் பெரியது, அடர்பழுப்பு, எப்போதும் தட்டுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். மற்றவை சுற்றி நிற்கும். அதனால் இப்போது இரண்டு தட்டு, தொட்டியின் இரு மூலையில்.

காலையில் பசியாறுவதற்கு முன்பே மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். தொட்டிக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவற்றின் செவுள்கள் காய்ந்து மூச்சே முட்டும். அந்த ஈரத்திலும் நம் ஊர் வெக்கையிலும் பூசணிச் சீவல் ஒரே இரவில் வழவழத்துவிடும். விட்டுவைத்தால் பூஞ்சணம், பிறகு பழ ஈ, அதன்பின் உண்ணி. சில துணுக்குகளை நண்டே இழுத்துக்கொண்டு போய் மணலில் புதைக்கும். மேல்மணலை விரலால் லேசாகத் தடவி எடுக்கலாம். ஆழமாகத் தோண்டக் கூடாது. கீழே யாராவது தோலுரித்துக்கொண்டிருப்பார்கள்.

எறும்பு வந்தது, வராமல் இருக்குமா? தேங்காய் மணத்துக்கு வரிசை கட்டி ஏறியது. எறும்புக்கு மருந்துக்கட்டியோ தெளிப்பானோ அந்த அறையிலேயே கூடாது. லயத்து வீடுகளில் சாப்பாட்டு அலமாரியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்கள், அதையே செய்தேன். மேசைக்கால் நான்குக்கும் கிண்ணம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. கிண்ணத்துத் தண்ணீரில் கொசு முட்டையிடும், அதனால் ஒன்றுவிட்டு ஒருநாள் கொட்டித் தேய்த்து மாற்ற வேண்டும். வீட்டில் கொசுப்புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி தண்டம் உண்டு, தெரியும்தானே. கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் குருணையை அதில் போடலாமே என்று நினைக்க வேண்டாம். அதில் உள்ள டெமிஃபாஸ் நரம்பைத் தாக்கும் மருந்து.

கொசு என்றதும் புகைதான் நினைவுக்கு வருகிறது. டெங்கி கண்ட தாமானில் சுகாதாரத்துறையினர் புகை அடிக்க வருவார்கள். அது வேண்டும், பிள்ளைகள் உயிர் பெரிது. அந்த அறிவிப்பு வந்ததும் தொட்டியை ஈரத்துணியால் மூடிக் காரில் ஏற்றி அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன். திரும்பி வந்ததும் அறையைத் துடைத்து, காற்றாட விட்டு, அதன் பிறகே மேசையில் வைப்பது. வாளிச் செடிகளில் அன்று இருக்கும் இலை முழுவதையும் கிள்ளி எறிந்துவிட்டுப் புதுக் கொழுந்துக்குக் காத்திருக்க வேண்டும். கொசுவர்த்திச் சுருளும் அதே வகை மருந்துதான். அந்த அறையில் வலை மட்டும்.

இந்தக் காத்திருப்புக்காகவே முருங்கையைக் காயவைத்து வைத்திருக்கிறேன். இலையை உருவி, அலசி, மின்விசிறிக்கு அடியில் வெள்ளைத் துணியில் பரப்ப வேண்டும். வெயிலில் காயவைத்தால் பச்சை வெளுத்துவிடும். கையில் எடுத்து நொறுக்கினால் பொடியாக உதிரும் பதம் வந்ததும், ஈரமில்லாத கண்ணாடிச் சாடியில் போட்டு மூடி, உள்ளே ஒரு சின்ன முடிச்சு அரிசி. நம் ஊர் ஈரக்காற்றில் அரிசி இல்லாவிட்டால் இலை நமர்த்துப்போகும். செம்பருத்திப் பூவிதழும் இப்படிக் காயும்.

காய்கறி மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நண்டால் கொலஸ்டிராலைத் தானே உண்டாக்க முடியாது. அது சாப்பாட்டில் வர வேண்டும். வேகவைத்த முட்டையில் ஒரு துளி, அல்லது உப்பில்லாத உலர்ந்த இறால். சந்தையில் வாங்கும் நெத்திலி உப்பில் ஊறியது, அதனால் தவிர்க்கிறேன். மீன்கடையில் கணவாய் வெட்டும்போது ஓட்டைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதை நன்றாகக் கழுவி, கொதிநீரில் போட்டு, வெயிலில் காயவைத்துத் தொட்டியில் ஒரு துண்டு நிரந்தரமாக வைத்திருக்கிறேன். முட்டையோட்டுப் பொடியும் ஆகும். தண்ணீர் இரண்டு கிண்ணம்: ஒன்று குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர், இன்னொன்று கடல் மீன் தொட்டிக்கான உப்பை லிட்டருக்கு 35 கிராம் கரைத்தது. சமையல் உப்பு அதற்கு ஆகாது.

அக்கா மகள் விடுமுறையில் வந்தபோது தொட்டியைப் பார்த்துவிட்டு நேரே பின்பக்கம் போய் வாளிகளை எண்ணினாள். “இதுல சோளமும் போடலாமே மாமா” என்றாள். வாளி ஒன்று காலியாகத்தான் இருக்கிறது. மருந்து பூசாத விதையாகப் பார்த்து வாங்க வேண்டும். இளஞ்சிவப்புப் பொடி பூசிய சோள விதை வேண்டாம் என்று கடைக்காரர் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்.